துணி சுற்றிய கை

அம்பலவாணரின் வைத்தியசாலையில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்லா வைத்தியர்களும் நாடி பார்க்கும் சோதனைக்கு உட்கார வேண்டும். பேர் பெற்றவர், நரை விழுந்தவர் என்று யாருக்கும் விலக்குக் கிடையாது. அந்தச் சட்டத்தைப் போட்டவரே அம்பலவாணர்தான்.

திரைக்குப் பின்னாலிருந்து துணி சுற்றிய கைகள் ஐந்து முறை நீளும். மணிக்கட்டு மட்டும் தெரியும். நோயை ஓலையில் எழுத வேண்டும். ஓலையில் வைத்தியரின் பெயருக்குப் பதில் எண் மட்டும். ஐந்தில் இரண்டு முறை வருவது ஒரே ஆளின் கை. எந்த இரண்டு என்பது சோதிப்பவருக்கு மட்டும் தெரியும். தவறியவர் தேறும்வரை யாருக்கும் மருந்து கொடுக்கக் கூடாது.

அந்த வருடம் சோதித்தவள் அவருடைய சிஷ்யை தையல்நாயகி. ஏழாம் எண் ஓலையைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவதாகவும் ஐந்தாவதாகவும் நீண்டது ஒரே குயவரின் கை. அவருக்கு ஈரலில் வீக்கம். இரண்டாவதில் அதைச் சரியாக எழுதியவர், ஐந்தாவதில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தார். இந்த மகானிடம் யார் பிள்ளையைக் கொண்டு போவார்கள் என்று சொல்லிக்கொண்டே, தேறவில்லை என்று கீறினாள்.

பிறகு பெயர்ப் பட்டியலைப் பிரித்தார்கள். ஏழாம் எண் அம்பலவாணர்.

தையல்நாயகி ஓடிப்போய்க் குயவரின் நாடியை மறுபடி பிடித்துப் பார்த்தாள். வீக்கம் இருக்கத்தான் செய்தது. அப்படியானால் ஆசான் வேண்டுமென்றே தவறாக எழுதினாரா? தன்னைத்தான் சோதிக்கிறாரா? ஒன்றும் பிடிபடவில்லை. வெளியே அவரை நம்பி நாற்பது நோயாளிகள் காத்திருந்தார்கள். ஓலையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"என் விரல்தான் தவறியிருக்கும், ஐயா. கீறியதை அழித்துவிடுகிறேன்."

"கீறும்போது உன் விரல்மேல் சந்தேகம் வந்ததா?"

"இல்லை."

"அதற்குப் பிறகு என்ன மாறியது? குயவரின் நாடியா?"

வேண்டுமென்றேதானே தவறாக எழுதினீர்கள் என்று அவள் மெல்லக் கேட்டாள்.

அம்பலவாணர் தம் விரல் நுனிகளைப் பார்த்தார்.

"அப்படி இருந்தால் நன்றாக இருந்திருக்கும்."

வெளியே காத்திருப்பவர்களுக்கு என்ன சொல்வது என்று அவள் கேட்டாள். அவர் தாம் உட்காரும் மணையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"அவர்களை நீ பார். குயவரை மட்டும் இங்கே அனுப்பு. அவர் கையைப் பிடித்து நான் மறுபடி நாடி படிக்க வேண்டும்."