இரண்டாவது அட்டை

"ஒண்ணே ஒண்ணு வச்சிருக்கவன் ராத்திரியில..." என்று பெரியப்பா ஏதோ சொல்வார். நிம்மதியாகத் தூங்குவான் என்பாரா, தூங்கவே மாட்டான் என்பாரா, அருமைநாயகத்துக்கு நினைவில்லை. பாபநாசம் போகும் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தார். பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆசிரமத்தின் பின்கட்டில் அம்மையார் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். சீடரான நாயகம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர்; பையை மார்போடு அணைத்தபடி வந்தார்.

"வாங்க நாயகம். பஸ்ஸுல யாரும் துரத்துனாங்களா?"

நாயகம் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து துண்டை விரித்து, இரண்டு தபால் அட்டைகளை வைத்தார். பழைய நாளில் புது வீடு கட்டியவர்கள் அதைப் படம் பிடித்து, அட்டையிலேயே நேராகப் பிரதி போட்டுச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவார்கள். அந்த அட்டைகளைச் சேர்ப்பதுதான் நாயகத்தின் கிறுக்கு. இரண்டிலும் ஒரே வீடு. கல்லிடைக்குறிச்சியில், வளைந்த முகப்பு வைத்த மச்சுவீடு.

"உலகத்துலயே என்கிட்ட மட்டும்தான் இது இருக்குன்னு நினைச்சேன் அம்மா. முந்தாநாள் அந்த வீட்டுப் பிச்சம்மாள் இன்னொண்ணு கொண்டுவந்தாங்க. மழையில முகப்பு இடிஞ்சுபோச்சாம். 'படமாவது மிஞ்சட்டும், பூச்சி அரிக்காம வைக்க வழி சொல்லுங்க'ன்னு குடுத்துட்டுப் போனாங்க."

"சொன்னீங்களா?"

"இல்ல. அவங்களுதைப் பூச்சி அரிச்சிருச்சுன்னு சொல்லிரலாம்னு..."

புளியங்கொட்டை ஒன்று முறத்தில் விழுந்தது.

"கிழிக்கப் போறீங்க."

"கை வரல. நீங்க வேண்டாம்னா விட்டுருதேன். தூக்கமே இல்ல அம்மா."

அம்மையார் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு அட்டைகளை எடுத்தார்.

"ஐயோ, புளி! புளி பட்டா..."

அதற்குள் அவை அம்மையாரின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. இடக்கை வலக்கையாக மாறி மாறி வந்து, மறுபடி துண்டில் உட்கார்ந்தன.

"இதுல உங்களுது எது?"

நாயகம் குனிந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். இரண்டிலும் கைப்பிடிச் சுவரில் அதே காக்கை. புரட்டினார். இரண்டிலும் ஓர் எழுத்துகூட இல்லை. விரல் பட்டால் கறுத்துவிடுமென்று தன்னுடையதை உறையிலிட்டு பீரோவில் பூட்டி வைத்திருந்தார். வாங்கியபின் எடுத்துப் பார்த்ததே இரண்டு மூன்று தடவைதான். நெற்றி வியர்வை அட்டையில் சொட்டப் பார்த்தது. தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இடது பக்கம்... இல்ல, இது... பிச்சம்மாளுக்குத் தெரியுமோ என்னமோ..."

அம்மையார் அடுத்த புளியை எடுத்தார்.

"நான் வேண்டாம்னு சொல்லல. ஒண்ணைக் கிழிங்க. மிஞ்சுறதை யாருடையதுன்னு வச்சுக்குவீங்க?"

நாயகம் இரண்டையும் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

அன்று சாயங்காலமே கல்லிடைக்குறிச்சியில் இறங்கி, இரண்டையும் பிச்சம்மாளிடம் கொடுத்தார்.