பவளாயி நீரோட்டத்திடம் கொடுத்த பிள்ளைகள்

மீனுக்கும் நீருக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், கடலடியில் இருந்த கூம்பாறையில் வாழ்ந்த சுக்கான் என்ற கிளிமீனைக் கடைசியாக உயிரோடு பார்த்தவள் அவன் மனைவி பவளாயி. "மேற்குப் பக்கம் பாசி தளதளன்னு நிக்குது. ஒரு வாய் கடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் முதுகில் உப்புக்கல் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அவன் திரும்பி வரவில்லை.

அப்போதெல்லாம் கிளிமீன்கள் பிறந்த பாறையை விட்டு நகர்வதில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதற்குள்ளேயேதான். முட்டைகளைப் பொந்தில் ஒட்டிவைத்துக் காவல் காப்பார்கள். இப்படியே தலைமுறைகள் போனதால் எல்லாரும் ஒரே அச்சு. ஒவ்வொரு பாறைக்கும் ஒரு நிறம்; கூம்பாறையில் எல்லாரும் ஒரே நீலம், ஒரே அலகு. அதில் அவர்களுக்கு ஏகப் பெருமை. ஒருவர் உடம்பு தாங்காத நோயை மற்றவர் உடம்பும் தாங்காது என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

பத்தே நாளில் வெள்ளைப்புள்ளி நோய் பாதிப் பேரைக் கொண்டுபோயிற்று. பாறைக்குத் தலைவர் பெரிய அலகர், பவளாயியின் மாமனார். அவர் உத்தரவு போட்டார்: "எல்லாரும் பொந்துக்குள்ள வாங்க! வாசல்ல எச்சிலைப் பூசி அடைங்க! அந்நியத் தண்ணி ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது!"

நோய் உள்ளேதான் இருந்தது.

பவளாயி வயிறு நிறைய முட்டையோடு வாசலிலேயே நின்றாள். "மாமா, போன தடவை இட்டதெல்லாம் இந்தப் பொந்துலதான் வெளுத்துச் செத்துச்சு. அவர் விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான். இதையும் இங்கேயே இடச் சொல்றீங்களா?"

"பின்ன எங்க இடுவே? ஊரான் பாறையிலயா? உள்ள வா!"

அவள் வாலை ஒரு அடி அடித்தாள். நடு மதியத்தில், பாறை விளிம்பைத் தாண்டி ஓடினாள். அங்கே நீரோட்டம் பாய்ந்துகொண்டிருந்தது.

"நில்லு தாயி!" என்று அதைக் கூப்பிட்டாள் பவளாயி.

"நிக்கிற பொழப்பா என் பொழப்பு? கூடவே ஓடிவந்து சொல்லு!" என்றது நீரோட்டம்.

"என் பிள்ளைகளைக் கொண்டு போறியா?"

"எங்க விடணும்?"

"எங்க வேணும்னாலும் விடு. எல்லாத்தையும் ஒரே இடத்துல மட்டும் விடாதே!"

"வழியில பாதி போயிடும். மிஞ்சினதுக்கும் உன்னைத் தெரியாதே?"

"தெரியாமலே உயிரோட இருக்கட்டும்!"

அம்பு போல மேலே பாய்ந்தாள். எந்தக் கிளிமீனும் அதுவரை போகாத உயரம்! வெயில் தொடுகிற நீரில் வயிற்றை அப்படியே திறந்துவிட்டாள். ஆயிரமாயிரம் முட்டைகள் பளபளவென்று சிதறி ஓடின!

"வீட்டுப் பிள்ளையைத் தெருவுல வீசுறாளே, பாவி!" என்று பொந்துக்குள்ளிருந்து கத்தினார் அலகர். அதற்குப் பிறகு பொந்துக்குள் ஒவ்வொரு குரலாக நின்றது.

நீரோட்டம் வாயை மூடுகிற ஆளா? போகிற பாறையெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு போயிற்று. கேட்ட தாய்மார்களும் தங்கள் முட்டைகளை அதனிடமே கொடுத்தார்கள்.

காற்றுத் திசை மாறிய ஒரு காலையில், வெறிச்சோடிய கூம்பாறையில் தனியாக இருந்த பவளாயி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிச் சில்லுகள் போலக் குஞ்சுகள் இறங்கிக்கொண்டிருந்தன. நூறு, ஐந்நூறு, இன்னும், இன்னும்! மஞ்சள் உதடு, பச்சை வரி, ரோஜா வால்!

"இதுல என்னுது எது?" என்று கூவினாள்.

"எனக்கென்ன தெரியும்? எல்லாத்தையும் கலந்துட்டேன்!" என்று சிரித்தபடி ஓடியது நீரோட்டம்.

"அப்ப எல்லாம் என்னுதுதான்! வாங்கடா, பாசி இங்க இருக்கு!"

வெள்ளைப்புள்ளி மறுபடியும் வந்தது. பவளாயி முதலில் போனாள். பச்சை வரிக்காரர்கள் சிலரும் போனார்கள். மஞ்சள் உதட்டுக்காரர்களை அதனால் தொடக்கூட முடியவில்லை.

கிளிமீன்கள் ஓடுகிற நீரைத் தேடிப் போய், மேலே பாய்ந்து முட்டைகளை விடுவது அன்று முதல்தான். பிறப்பது ஒரு பாறை, வளர்வது வேறு பாறை. கூம்பாறையில் பவளாயியின் நீலத்தில் இப்போது ஒரு மீனும் இல்லை. பாறை நிறையக் கிளிமீன்கள் இருக்கின்றன.