வாத்து போட்ட பட்டினி

குளத்தை ஒட்டி ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுக் கொல்லையில் செவ்வந்தி என்ற கோழியும் அல்லி என்ற வாத்தும் தோழிகளாக இருந்தன. செவ்வந்தி கரையில் மண்ணைக் கிளறும். அல்லி ஓரத் தண்ணீரில் துழாவும். பேச்சு மட்டும் ஓயாது. பொழுது சாய்ந்ததும் செவ்வந்தி முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். அல்லி நீந்திப் போய்க் குளத்து நடுவில் இருந்த திட்டில் படுத்துக்கொள்ளும்.

செவ்வந்திக்கு எல்லாவற்றிலும் அவசரம். எதையும் கொத்திக் கிழித்துத் தின்னப் பொறுமை கிடையாது. மற்ற கோழிகள் வருவதற்குள் விழுங்கிவிட வேண்டும்!

ஒரு நாள் ஆட்கள் வந்து கரையில் இருந்த கோரைப்புல்லை அறுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். புல் நுனியில் விதை நிறைய இருந்தது. செவ்வந்தி ஓடிப் போய் விதையை விழுங்கியது. விதையோடு ஒட்டிக்கொண்டு வந்த நீளத் தண்டையும் விழுங்கியது.

"மெதுவாகத் தின்னேன்! யார் துரத்துகிறார்கள்?" என்றது அல்லி.

"உனக்கென்ன, தண்ணீரில் தனியாக மேய்கிறாய்! இங்கே கொல்லை முழுக்கக் கோழி!" என்றது செவ்வந்தி.

கோழி தின்னும் இரை நேராக வயிற்றுக்குப் போவதில்லை. கழுத்துக்குக் கீழே, மார்பின் முன்பக்கம் ஒரு தீனிப்பை இருக்கிறது. முதலில் அங்கேதான் தங்கும். சாயங்காலம் அந்தப் பை புடைத்திருக்கும். இரவில் இரை மெல்ல மெல்ல உள்ளே இறங்கிவிடும். விடியும்போது பை வற்றிப் போயிருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்தது. செவ்வந்தியின் பை வற்றவில்லை. தொட்டால் கல் மாதிரி இருந்தது. ஆனாலும் வீட்டுக்காரம்மா கம்பு இறைத்ததும் அது முதல் ஆளாக ஓடிப் போய்த் தின்றது. அடுத்த நாளும் தின்றது. அதற்குப் பிறகு தின்ன முடியவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு, வாழை மரத்தடியில் ஒதுங்கி நின்றது. அத்தனை கோழிகளுக்கு நடுவில் ஒரு கோழி ஒதுங்கியது வீட்டுக்காரம்மாவின் கண்ணில் படவில்லை.

அல்லியின் கண்ணில் பட்டது.

"செவ்வந்தி, என்ன இது? மார்புக்கு முன்னால் இவ்வளவு பெரிய உருண்டை!"

"மூன்று நாளாக இறங்க மாட்டேன் என்கிறது. மூச்சு விடவே கஷ்டமாக இருக்கிறது" என்று முனகியது செவ்வந்தி.

வேலியில் உட்கார்ந்திருந்த காகம் ஒன்று எட்டிப் பார்த்தது. "இதற்கா கவலை? என் அலகால் ஒரு குத்து! எல்லாம் வெளியே வந்துவிடும்!"

"உயிரும் சேர்ந்து வந்துவிடும்! நீ போ!" என்று விரட்டியது அல்லி.

பிறகு அது செவ்வந்தியின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"எனக்கு வைத்தியம் தெரியாது, செவ்வந்தி. ஒரு தடவை என் தொண்டையில் பாசி அடைத்துக்கொண்டது. எதுவும் தின்னாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தேன். சரியாகிவிட்டது. உனக்கும் அது சரிப்பட்டு வருமா என்று தெரியவில்லை. ஆனால் அடைத்த பைக்குள் மேலும் மேலும் இரையைப் போட்டால் நல்லது நடக்காது. அது மட்டும் தெரிகிறது. முயன்று பார்க்கலாமா?"

செவ்வந்தி தலையை ஆட்டியது.

அன்று முதல் செவ்வந்திக்குப் பட்டினி. கம்பு இறைக்கும் நேரத்தில் அல்லி அதை வாழை மரங்களுக்குப் பின்னால் கூட்டிப் போய்விடும். வாய்க்காலில் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வைக்கும். பிறகு தன் தட்டையான அலகால் அந்த உருண்டையை மெல்லப் பிசைந்து விடும். அழுத்தாமல், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் பிசையும். "வலித்தால் சொல்!" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

பையில் கொஞ்சம் இளக்கம் தெரிந்தது. கல் மாதிரி இருந்தது பிசைந்த மாவு மாதிரி ஆனது. ஆனால் செவ்வந்திக்குப் பசி தாங்கவில்லை.

முருங்கை மரத்துப் பொந்தில் வரியன் என்ற அணில் குடியிருந்தது. செவ்வந்தி என்றால் வரியனுக்கு உயிர். செவ்வந்தி பசியால் முனகுவதைக் கேட்டதும் அதற்கு அழுகை வந்தது. வேலியோரம் போய்த் தனியாக உட்கார்ந்து அழுதது.

வேலிக்கு வெளியே புதரில் ஒரு கீரி இருந்தது. அது செவ்வந்தியின் மேல் வெகு நாளாகக் கண் வைத்திருந்தது. செவ்வந்தியோ பொழுது சாய்ந்தால் மரத்தில் ஏறிவிடும். அந்தக் கிளைக்குக் கீரியால் ஏற முடியாது.

"அணில் தம்பி! ஏன் அழுகிறாய்?" என்று கீரி இனிக்க இனிக்கக் கேட்டது.

"செவ்வந்தி அக்காவுக்கு உடம்பு சரியில்லை, மாமா. அல்லியக்கா ஒன்றும் தின்ன விடமாட்டேன் என்கிறாள்!"

"ஐயையோ! உடம்பு சரியில்லாதவளைப் பட்டினி போடுவதா? எங்காவது உண்டா இந்த அநியாயம்? எனக்கு ஒன்று தோன்றுகிறது... வேண்டாம், நான் ஏன் சொல்ல வேண்டும்?"

"சொல்லுங்கள் மாமா!"

"செவ்வந்தி இல்லாமல் போனால் கரையில் இருக்கிற புழுவெல்லாம் யாருக்கு? அந்த வாத்துக்குத்தானே! நீ நல்ல பிள்ளை. யாருக்கும் தெரியாமல் உன் அக்காவுக்கு நீதான் ஊட்ட வேண்டும். நன்றாக ஊட்டு! வயிறு நிறைய ஊட்டு!"

வரியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடியது. வீட்டு முற்றத்தில் காய்ந்த நிலக்கடலையைத் தூக்கி வந்தது. களத்தில் சிந்திய நெல்லைப் பொறுக்கி வந்தது. அல்லி மதியம் தண்ணீரில் இறங்கியதும் எல்லாவற்றையும் செவ்வந்தியின் முன்னால் கொட்டியது.

"தின்னுங்கள் அக்கா! அல்லியக்கா உங்களைக் கொல்லப் பார்க்கிறாள். கரைப் புழு முழுக்கத் தனக்கே வேண்டுமாம்! கீரி மாமா சொன்னார்."

"அல்லியா? சேச்சே! அவள் அப்படிப்பட்டவள் இல்லை" என்றது செவ்வந்தி. ஆனால் கடலை வாசம் மூக்கில் ஏறியது. ஒன்றைக் கொத்தியது. இன்னொன்றைக் கொத்தியது. பிறகு நிறுத்த முடியவில்லை. தின்னத் தின்ன, வரியன் சொன்னது உண்மையாக இருக்குமோ என்றும் தோன்ற ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் அல்லி வந்து பிசையத் தொடங்கியது. அலகு சட்டென்று நின்றது.

"நேற்று இளகி இருந்ததே! இன்று ஏன் இப்படி இறுகிக் கிடக்கிறது? ஏதாவது தின்றாயா?"

"இல்லையே!" என்றது செவ்வந்தி.

அல்லி அதை நம்பிவிட்டது. "அப்படியானால் தப்பு என்னுடையதுதான். நான் சரியாகப் பிசையவில்லை போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டு, முன்னைவிடப் பொறுமையாகப் பிசைந்தது. அலகு வலித்த பிறகும் விடவில்லை.

செவ்வந்திக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மதியம் வரியன் மறுபடியும் நெல்லோடு வந்தது. செவ்வந்தி மறுபடியும் தின்றது. அன்று பிற்பகலில் உருண்டை இன்னும் பெரிதாகிவிட்டது. அல்லி அலகை நீட்டியதும் செவ்வந்தி எரிந்து விழுந்தது.

"போதும் உன் வைத்தியம்! நீ வந்து கை வைத்த பிறகுதான் இவ்வளவும்! என்னைக் கொன்றுவிட்டுக் கரைப் புழுவையெல்லாம் நீயே தின்னலாம் என்று பார்க்கிறாயா? போ இங்கிருந்து!"

அல்லிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீரில் இறங்கியது. நடுத் திட்டுக்குப் போக மனம் வரவில்லை. கரையோர நாணலுக்குள் ஒதுங்கிச் செவ்வந்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

பொழுது சாய்ந்தது. மற்ற கோழிகள் ஒவ்வொன்றாகக் கிளையில் ஏறின. செவ்வந்தியும் சிறகை அடித்து எழும்பியது. மார்பின் பாரம் கீழே இழுத்தது. தொப்பென்று விழுந்தது. மறுபடியும் எழும்பியது. மறுபடியும் விழுந்தது.

வேலிக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒன்று நெளிந்து உள்ளே வந்தது.

"பறக்க முடியவில்லையா, செவ்வந்தி?" என்று கேட்டது கீரி.

மரத்தில் இருந்த வரியன் சந்தோஷமாகக் கத்தியது. "கீரி மாமா! நல்ல நேரத்தில் வந்தீர்கள்! அக்காவைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள்!"

கீரி பல்லைக் காட்டிச் சிரித்தது. "தூக்கத்தான் வந்திருக்கிறேன், தம்பி! தூக்கிக்கொண்டு போகத்தான்! நீ ஊட்டிய தீனி வீண் போகவில்லை!"

அப்போதுதான் வரியனுக்கு எல்லாம் புரிந்தது. வாலை உதறிக்கொண்டு, "கீச்! கீச்! கீச்!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

நாணலுக்குள்ளிருந்து அல்லி சிறகை விரித்துக்கொண்டு பாய்ந்து வந்தது.

"செவ்வந்தி, தண்ணீருக்கு ஓடு! துவைக்கிற கல்லுக்கு ஓடு!"

துணி துவைக்கிற கல் கரையை விட்டுச் சற்றுத் தள்ளி, முழங்கால் அளவுத் தண்ணீரில் இருந்தது. செவ்வந்தி விழுந்து புரண்டு, பாதி நனைந்து, எப்படியோ அந்தக் கல்லில் ஏறிவிட்டது. கீரி கரை வரை துரத்தி வந்து நின்றது. அதற்கு நனையப் பிடிக்காது. ஆனாலும் ஒரு காலைத் தண்ணீரில் வைத்தது. அல்லி அதன் முகத்தில் சிறகால் ஓங்கி அடித்தது. கீரி திரும்பிக் கடித்தது. அல்லியின் இறகு பிய்ந்து பறந்தது. அல்லி நகரவில்லை. மறுபடியும் அடித்தது.

வரியன் கத்துவதை நிறுத்தவே இல்லை. கிளையில் இருந்த கோழிகளும் சேர்ந்து கத்தின. கொல்லைக் கதவு திறந்தது.

"என்னது அது, இந்தச் சத்தம்!" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்காரம்மா தடியோடு ஓடி வந்தாள். கீரி ஒரே பாய்ச்சலில் வேலியைத் தாண்டி ஓடிவிட்டது.

"ஐயோ, நனைந்து போய்க் கிடக்கிறதே!" என்று அவள் செவ்வந்தியைத் தூக்கி வந்து தரையில் விட்டாள். மூங்கிலால் பின்னிய பஞ்சாரத்தை அதன் மேல் கவிழ்த்து, கல்லும் வைத்தாள். உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு பிடி கம்பும் வைத்துவிட்டுப் போனாள்.

வரியன் மரத்திலிருந்து இறங்கி வந்தது. அல்லியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அல்லியக்கா, நான்தான் கடலையும் நெல்லும் கொண்டு வந்து கொடுத்தேன். கீரி சொன்னதை நம்பிவிட்டேன்."

"நானும் பொய் சொன்னேன், அல்லி. தின்றுவிட்டுத் தின்னவில்லை என்றேன். உன்னைப் பார்த்து என்னென்னவோ சொல்லிவிட்டேன்" என்று பஞ்சாரத்துக்குள் இருந்து அழுதது செவ்வந்தி.

அல்லி பெருமூச்சு விட்டது.

"அப்பாடா! அப்படியானால் என் வைத்தியம் தப்பில்லை! நான் பிசைந்துதான் கெட்டுவிட்டதோ என்று எவ்வளவு பயந்தேன், தெரியுமா?"

வேறு ஒரு வார்த்தையும் அது கேட்கவில்லை. பஞ்சாரத்தின் இடுக்கு வழியாக அலகை நுழைத்தது. பிசையத் தொடங்கியது.

"அல்லியக்கா, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டது வரியன்.

"உள்ளே கம்பு இருக்கிறதே, அதில் ஒரு மணி கூட இவள் வாயில் போகக் கூடாது. அதைப் பார்த்துக்கொள். கஷ்டமான வேலை. செய்வாயா?"

அது உண்மையிலேயே கஷ்டமான வேலைதான். வரியன் இடுக்கு வழியாக உள்ளே புகுந்து கம்பைத் தின்னத் தொடங்கியதும் செவ்வந்தி கெஞ்சியது.

"ஒரே ஒரு மணி, தம்பி! உன் அக்கா இல்லையா நான்?"

"தரமாட்டேன் அக்கா!"

"இரண்டு நாளும் ஆசையாகக் கொடுத்தாயே! இப்போது கல்நெஞ்சாகிவிட்டாயா?"

"திட்டுங்கள் அக்கா. கொத்த வேண்டுமானாலும் கொத்துங்கள். தரமாட்டேன்!" வரியன் அழுதுகொண்டே அத்தனை கம்பையும் தின்று தீர்த்தது. மறுநாள் வீட்டுக்காரம்மா மறுபடியும் கம்பு வைத்தாள். வரியன் மறுபடியும் அழுதுகொண்டே தின்றது.

கிணற்றடியில் யாரோ எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, கொட்டாங்குச்சியில் மிச்சம் நல்லெண்ணெய் வைத்திருந்தார்கள். அல்லி தன் அலகு நுனியை அதில் நனைத்துக்கொண்டு வந்தது. செவ்வந்தி அதைச் சொட்டுச் சொட்டாகத் தானே எடுத்து விழுங்கியது. அவசரப்படவில்லை. பிறகு தண்ணீர், பிறகு பிசைதல், பிறகு ஓய்வு. கல் மாவானது. மாவு கூழானது.

ஒரு நாள் விடியற்காலையில் செவ்வந்தி கண் விழித்தது. மார்பு லேசாக இருந்தது. குனிந்து பார்த்தது. உருண்டையைக் காணவில்லை! பை வற்றித் தொங்கியது.

"அல்லி! வரியா! இறங்கிவிட்டது! எல்லாம் இறங்கிவிட்டது!"

அல்லி தண்ணீரிலிருந்து ஓடி வந்தது. வரியன் மரத்திலிருந்து குதித்து வந்தது. பாத்திரம் கழுவும் இடத்தில் நனைந்து குழைந்த சோற்றுப் பருக்கைகள் கிடந்தன. அல்லி அவற்றை எடுத்து வந்து ஒவ்வொன்றாக நீட்டியது. செவ்வந்தி ஒவ்வொன்றாக வாங்கித் தின்றது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரம்மா பஞ்சாரத்தைத் தூக்கினாள். செவ்வந்தி சிறகை ஒரு முறை உதறியது. முருங்கையின் தாழ்ந்த கிளையில் போய் உட்கார்ந்தது.

துன்பப்படுபவர் கேட்பதையெல்லாம் கொடுப்பது அன்பாகாது. அவர் கோபித்தாலும் அவருக்கு நன்மை தருவதைச் செய்வதே அன்பு.