சன்ஷேடு பட்டிமன்றம்

முன்னொரு காலத்தில் என்று தொடங்கும் அளவுக்கு இது பழைய கதை இல்லை. ஆனாலும் ஒரு தெரு இருந்தது. தெருமுனையில் ஒரு மாடி வீடு இருந்தது. அந்த வீட்டு மாடி ஜன்னலுக்கு மேலே ஒரு சன்ஷேடும், அந்தச் சன்ஷேடில் மூன்று பந்துகளும் இருந்தன. வாடகை கிடையாது, வேலை கிடையாது. ஆகவே மூன்றும் பொழுது விடிந்தால் ஒரே வழக்கைத்தான் பேசின: உலகத்தில் கிரிக்கெட் ஆடியவர்களிலேயே மிகப் பெரிய ஆட்டக்காரர் யார்?

மூன்றில் மூத்தது கார்க் பந்து. அடுத்தது உடம்பு முழுக்க வெள்ளை டேப் சுற்றிய டென்னிஸ் பந்து. கடைசியாகச் சித்திரை வெயிலில் வந்து விழுந்தது சிவப்பு ரப்பர் பந்து. மூன்றுமே கடையில் வாங்கிய அன்றே மேலே வந்துவிட்டவை. கிரிக்கெட்டைப் பற்றி அவற்றுக்குத் தெரிந்தது ஆளுக்கு ஒரே ஒரு அடி. அந்த ஒரு அடியை வைத்துக்கொண்டு அவை பேசாத பேச்சில்லை.

"ஜெபமணிதான்யா ஆட்டக்காரன்," என்றது கார்க். "தலை ஆடாது, தோள் குலுங்காது. அடிச்ச மாதிரியே தெரியலை எனக்கு. பார்த்தா ஜன்னல் கண்ணாடியை உடைச்சுட்டு எகிறி இங்க வந்து உக்காந்திருக்கேன்."

"உங்க காலத்துல பவுலிங் போட்டது யாருண்ணே? பால் ஊத்திட்டுப் போற வழியில சைக்கிளை நிறுத்திட்டுப் பால்காரர் போட்டுட்டுப் போவாராம். அவரை அடிக்கிறதெல்லாம் ஒரு அடியா?" என்றது டேப். "எங்க அன்வரைச் சொல்லுங்க. நான் காத்துல வளைஞ்சு வளைஞ்சு போற ஆளு. என்னை அடிக்கணும்னா உடம்புல தெம்பு வேணும்."

"தெம்பு இருந்தா மூட்டை தூக்கலாம்," என்றது ரப்பர். "கிரிக்கெட்டுக்கு அழகு வேணும். செல்வின் எப்படி அடிச்சார் தெரியுமா? அடிச்சதுக்கப்புறம் நான் எங்க போறேன்னு திரும்பிக்கூடப் பார்க்கலை. அதுக்குப் பேருதான் ஸ்டைல்."

"ஜெபமணிக்குப் பேட்டே கிடையாது. வெறும் தென்னமட்டை."

"தென்னமட்டை அகலம் ஜாஸ்திண்ணே. கண்ணை மூடிக்கிட்டு நின்னாலே படும்."

இப்படியே போகும். ஒருநாளும் தீர்ப்பு வந்ததில்லை. தீர்ப்பு வந்துவிட்டால் மறுநாள் என்ன செய்வது என்ற பயம் மூன்றுக்கும் உள்ளூர இருந்தது.

ரப்பருக்கு மட்டும் இன்னொரு சங்கதி உண்டு. செல்வின் ஒருநாள் ஏறி வந்து தன்னை எடுத்துக்கொண்டு போவார் என்று அது நம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழே ஆட்டச் சத்தம் கேட்டால், விளிம்பில் உள்ள சிமெண்டுக் கரைவரை உருண்டுபோய் மாடிப்படியில் யாராவது வருகிறார்களா என்று காது கொடுத்துக் காத்திருக்கும். சத்தம் அடங்கியதும் திரும்பி வந்து, முன்னைவிட உரக்கச் செல்வின் புகழ் பாடும். மற்ற இரண்டும் அதைக் கவனிக்காதது போல் இருந்துவிடும். வாயாடிகள் என்றாலும் அவ்வளவு நாகரிகம் அவற்றுக்கு இருந்தது.

ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில், பட்டிமன்றம் சூடாக நடந்துகொண்டிருந்தபோது 'தொப்' என்று ஒரு பந்து வந்து விழுந்தது. டென்னிஸ் பந்துதான். ஆனால் மேலே ஒரு ரோமம் இல்லை. சாக்கடை நாற்றம் வேறு.

"இது என்ன கோலம்?" என்று மூக்கைச் சுளித்தது கார்க்.

"தெனம் அடி வாங்குறவன் வேற எப்படிண்ணே இருப்பேன்," என்றது மொட்டைப் பந்து. "தள்ளி உக்காருங்க. மூச்சு வாங்குது."

"அது கிடக்கட்டும். உன்னை அடிச்சது யாரு?"

"கோதண்டம்."

மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. யாரும் கேள்விப்படாத பெயர். எல்லாரும் ஆடி முடித்த பிறகு, போனால் போகிறதென்று கடைசியில் பேட் கொடுக்கப்படும் ஆசாமி என்று மொட்டை விளக்கியது. மாவு மில்லில் வேலை, தொந்தி உண்டு, ஓடினால் வேட்டி தடுக்கும்.

டேப் விழுந்து விழுந்து சிரித்தது. "சரி, கோதண்டமோ கோவிந்தமோ, மேல அடிச்சாரில்ல. சிக்ஸருதான?"

"சிக்ஸரா? அவுட்டு."

சிரிப்பு நின்றது.

"மாடியில விழுந்தா அவுட்டு. அடிச்சவன்தான் ஏறி எடுக்கணும். தெருவுல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே," என்றது மொட்டை. "நீங்கள்லாம் இத்தனை நாளா சிக்ஸருன்னா நெனச்சுக்கிட்டு இருந்தீங்க?"

"எங்க காலத்துல அந்த விதி கிடையாது," என்றது கார்க், அவசரமாக.

"அந்த விதி வந்ததே ஜன்னல் கண்ணாடி உடைஞ்ச அன்னைக்குத்தானாம்."

கார்க் பக்கத்தில் கிடந்த சருகுக் குவியல் பக்கம் திரும்பிக்கொண்டது. ரப்பர் மெல்ல நகர்ந்து மொட்டையின் பக்கத்தில் வந்தது.

"அடிச்சவரு ஏறணும்னா, செல்வின் ஏன் வரலை?"

மொட்டைக்குச் சங்கடமாகப் போய்விட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத பந்து அது. "அன்னைக்கு அவரு, 'பழைய பந்துக்காக இந்த வீட்டுக்கார அம்மாகிட்டப் பேச்சு வாங்க என்னால ஆகாது'ன்னு சொல்லிட்டாராம். அந்தச் சாயங்காலமே கடைக்குப் போயி வேற பந்து வாங்கிட்டு வந்துட்டாரு."

"வேற பந்துன்னா?"

"நான்தான்."

வாங்கிய அன்றே மேலே வந்த பந்தைப் பழசு என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனசு வந்தது என்பதுதான் ரப்பருக்கு விளங்கவே இல்லை. பிறகு, "உங்க கோதண்டமும் வரமாட்டாரு," என்றது. பொறாமையில் சொல்லவில்லை. தன்னைப்போல் இதுவும் காத்திருந்து காய வேண்டாமே என்றுதான் சொன்னது.

"தெரியலை," என்றது மொட்டை. "அந்தம்மான்னா அவருக்கும் பயம்தான்."

கீழே சத்தம் அடங்கியிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து மட்டும் ஒரு குரல் மேலேறி வந்துகொண்டிருந்தது. "ஊர்ல வேற எடமே இல்லையா உங்களுக்கு? வயசாகலை? பார்த்து, ரோஜாத் தொட்டியில காலை வச்சிராதீங்க."

"வைக்கலம்மா. மன்னிச்சுக்கங்கம்மா. ஒரு நிமிசம்மா."

மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே வியர்த்த முகம் ஒன்று எழுந்தது. கோதண்டம் கீழே குனிந்து பார்த்தார், உடனே கண்ணை மூடிக்கொண்டார், முருகனைக் கூப்பிட்டார். பிறகு சுவர்மேல் குப்புறப் படுத்து, அந்தம்மாவிடமே கடன் வாங்கிய ஒட்டடைக் கம்பைச் சன்ஷேடுக்கு நீட்டினார். தொந்தி சுவரில் நசுங்கியது. கம்பு நடுங்கியது. ஆனாலும் நீண்டது.

"அடேங்கப்பா," என்றார், கண்ணைத் திறந்ததும். "ஒரு கடையே வச்சிருக்கீங்களேம்மா."

"எல்லாத்தையும் தள்ளிவிட்டுட்டுப் போங்க. மழைத்தண்ணி போக மாட்டேங்குது."

கம்பு முதலில் மொட்டையைத் தள்ளியது. டேப், தன்னை அடித்தவர் பெயரையெல்லாம் மறந்து, கம்பு தொடுவதற்கு முன்பே குதித்துவிட்டது. கார்க் மட்டும் சருகுக்குள் புதைந்துகொண்டது.

"வாங்கண்ணே, போயிரலாம்," என்றது ரப்பர்.

"நான் எதுக்கு வரணும்? இங்க நான் ஜெபமணி அடிச்ச பந்து. கீழ போனா வர்றவன் போறவனெல்லாம் என்னை அடிப்பான்."

ரப்பருக்கும் ஒரு கணம் தயக்கமாகத்தான் இருந்தது. இங்கேயே இருந்தால் செல்வின் புகழைப் பேசிக்கொண்டாவது இருக்கலாம். கீழே போனால் அதுவும் இல்லை. ஆனால் அந்த நடுங்கும் கம்பு தன்னைத் தேடி இன்னும் ஒரு சாண் நீண்டது. இத்தனை மாதத்தில் தனக்காக ஒருவர் இவ்வளவு பயப்பட்டதில்லை. அதுவாகவே கம்புக்கு முன்னால் போய் நின்றது.

தெருவில் அடுத்த அணி ஆட வந்தது. கோதண்டத்தை வழக்கம்போல் யாருக்கும் வேண்டாத மூலையில் நிற்கவைத்தார்கள். பேட்டோடு வந்தவர், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட செல்வின். பந்து வீசுபவரின் கையிலிருந்த ரப்பரைப் பார்த்து, "நல்லா எகிறும் போல இருக்கே. ஏது இந்தப் பந்து?" என்று கேட்டார்.

ரப்பருக்கு அப்போது கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

செல்வின் அடித்தார். சும்மா சொல்லக்கூடாது, அழகான அடி. ரப்பர் உயர உயரப் போனது. சன்ஷேடு கண்ணில் பட்டது, கார்க் கண்ணில் பட்டது. அதையும் தாண்டிக் கீழே, தெருமூலையில், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி தப்பான திசையில் ஓடிக்கொண்டிருந்த கோதண்டம் கண்ணில் பட்டார்.

பிறந்ததிலிருந்து ஒரு கேட்ச்கூடப் பிடிக்காதவர் கோதண்டம். அன்றைக்குப் பிடித்தார்.

தெருவே ஓடிவந்து அவரைத் தூக்கியது. செல்வின் மட்டும் பேட்டைத் தரையில் குத்திக்கொண்டு, "இது கேட்சே இல்லை, அவரு எங்க பிடிச்சாரு, பந்தே வளைஞ்சு போயி அவரு கையில விழுந்துச்சு," என்று எல்லாரிடமும் சண்டை போட்டார்.

அவர் சொன்னது முழு உண்மை. ஆனால் அதற்காக அவுட் இல்லை என்று எந்தத் தெருவிலும் விதி கிடையாது.