மணற்குடி ராஜாவின் ஆதாரக் கடிதம்

முன்னொரு காலத்தில் கடலோரத்து மணற்குடியை மகிபாலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு ஆசை, மாலையில் ஒரு கோபம். அதுதான் அவர் ஆட்சி.

ஒருநாள் வெள்ளைக்காரக் கப்பல் தலைவனின் கடிதத்தில், 'தக்க ஆதாரத்தோடு சொல்கிறோம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒன்று வந்தது. ராஜாவுக்கு அது தேனாய் இனித்தது. இனி அரண்மனையின் ஆங்கிலக் கடிதங்களில் வரிக்கு வரி அது வரவேண்டும் என்று உத்தரவிட்டார்.

கடிதம் எழுதுபவன் பேச்சிமுத்து. அவன் குடும்பத்தில் எழுத்தாணி பிடித்த முதல் ஆள். "மாங்காய் அனுப்பியிருக்கிறோம், தக்க ஆதாரத்தோடு சொல்கிறோம்" என்று எழுதி எழுதி அவன் விரல் மரத்துப்போனது. அதைவிட மனம் சலித்துப்போனது.

அப்போது பட்டத்துக் குதிரை செத்தது.

"அந்த வெள்ளைக்காரக் கப்பலின் வைத்தியன் வைத்த விஷம், மகாராஜா!" என்றார் சொக்கப்பர். பேச்சிமுத்துவின் வேலையைத் தன் மருமகனுக்கு வாங்கித்தரத் துடித்துக்கொண்டிருந்த அவைப் பிரபு அவர்.

வைத்தியன் சிறைக்குப் போனான். மறுநாள் தூக்கு.

"கப்பல் தலைவனுக்கு எழுது! வைத்தியன்தான் கொன்றான், தக்க ஆதாரத்தோடு சொல்கிறோம்!" என்றார் ராஜா.

பேச்சிமுத்து எழுதுகோலைக் கீழே வைத்தான். "மன்னிக்கணும் மகாராஜா. இதை எழுதினால், 'ஆதாரம் எங்கே?' என்று அவர்கள் கேட்பார்கள். காட்டுவதற்கு நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்."

"ஏலே, நான் சொன்னால் போதாதா?" என்று சீறினார் சொக்கப்பர்.

பேச்சிமுத்து தன் அருகில் இருந்த துணி மூட்டையை எடுத்து முன்னால் வைத்தான். "ஐயா பார்த்த விஷம் இதில் இருக்கிறதா?"

"இதேதான்! அவன் கையில் பார்த்தேன்!"

"அவிழ்க்கவில்லையே, ஐயா?"

"எதற்கு அவிழ்க்க? நாற்றமே சொல்கிறதே! தக்க ஆதாரத்தோடு சொல்கிறேன்!"

ராஜாவே முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பழைய சோறும் சுட்ட கருவாடும்.

"என் சாப்பாடு, மகாராஜா. காலையிலிருந்து சாப்பிட நேரமில்லை."

அவை குலுங்கிச் சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "அப்படியானால் குதிரை எதனால் செத்தது?"

பேச்சிமுத்து நினைத்தால் ஏதாவது இதமாகச் சொல்லித் தப்பலாம். ஆனால் அதற்கும் அவனிடம் தெம்பில்லை.

"தெரியாது, மகாராஜா."

அந்த அவையில் யாரும் சொல்லாத சொல் அது. ராஜா காவலர்கள் பக்கம் திரும்பினார்.

"வைத்தியனை விடுங்கள். சொக்கப்பரே, நீரே அவனைக் கப்பலில் கொண்டுபோய் விட்டு, மன்னிப்புக் கேட்டு வாரும். பேச்சிமுத்து, இன்றுமுதல் நீ ஓலைநாயகம், அரண்மனை எழுத்தர்களுக்கெல்லாம் தலைவன். உனக்குச் சரியென்று பட்டதை எழுது."

கடிதம் நான்கே வரி. "எங்கள் குதிரை இறந்துவிட்டது. காரணம் தெரியவில்லை. விசாரிக்காமல் உங்கள் வைத்தியரைச் சிறையில் அடைத்தது எங்கள் தவறு. இதைத் தக்க ஆதாரத்தோடு சொல்கிறோம்."

ராஜா இரண்டு முறை படித்தார். பிறகு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு முத்திரை குத்தினார்.