தும்பி விட்ட கோணல் அம்பு

ஒரு ஊர்ல ஒரு... காலை உள்ள இழு முதல்ல. போர்வையை உதைச்சா கதை கிடையாது. ஆங், அப்படி. ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. ஊருன்னா நம்ம ஊரு மாதிரி பஸ் வர்ற ஊரு இல்ல. மலை மேல, மேகம் வந்து கூரையில உக்காந்துட்டுப் போற ஊரு. அவ பேரு தும்பி. ஒல்லியா, துருதுருன்னு இருப்பா, அதான் அந்தப் பேரு. ஆனா வில்லை இழுத்து விட்டான்னு வை, பக்கத்துல நிக்கிறவனுக்குக் காது கூசும். டொய்ங்ங்ங்!

அவங்க அப்பா காரி. அந்த மலையிலேயே அவரை மாதிரி வேட்டைக்காரரு கிடையாது. ஒரு தடவை கரடி ஓங்கி விட்ட அறையில வலது தோளு போச்சு. அப்புறம் அவரால வில்லு இழுக்க முடியல. வீட்டுல வேற புள்ளைங்களும் இல்ல. அப்போ தும்பி, "நான் இழுக்குறேன்ப்பா"ன்னா. ஊருக்குப் பெரியவரை அங்க மூப்பன்னு சொல்லுவாங்க. அந்த மூப்பன் தாடியை நீவிக்கிட்டே யோசிச்சாரு. "இழுக்கட்டும். ஆனா சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்"னாரு.

என்ன சட்டம்? அந்த மலையில ஒரு மிருகத்து மேல உன் அம்பு பட்டுச்சுன்னா, அதைத் தேடிப் புடிக்காம நீ வீட்டுக்கு வரக் கூடாது. காயத்தோட விட்டுட்டு வந்தா அது காட்டுல கிடந்து துடிக்கும்ல? வலியில வெறி புடிச்சு, விறகு பொறுக்க வர்றவங்களைக் குத்தும்ல? அதனால அடிச்சவங்கதான் போகணும், தனியா போகணும், அம்பை எடுத்துட்டு வரணும். விட்டுட்டு வந்தா அந்த வீட்டு வில்லுல நாணை அவுத்துடுவாங்க. நாணுன்னா வில்லுல கட்டியிருக்குற கயிறு. அதை அவுத்துட்டா, அந்த வீட்டுலேர்ந்து அப்புறம் யாருமே வேட்டைக்குப் போக முடியாது. காரி வீட்டு வில்லு மலையே பேர் சொல்ற வில்லு. புரியுதா?

"ம்."

அந்த வருஷம் ஒரு காட்டுப்பன்னி தினைக் காட்டுல பூந்து அட்டகாசம் பண்ணுச்சு. ஒத்தைக் கொம்பன்னு பேரு, கோரைக் கொம்பு ஒண்ணுதான் அதுக்கு. எருமைக் கன்னு அளவு இருக்கும். கொர்ர், கொர்ர்னு மோந்துக்கிட்டே வரும், ஒரு பாத்தி தினையை வேரோட பேத்துட்டுப் போகும். "நாளைக்கு வேட்டை"ன்னு மூப்பன் சொல்லிட்டாரு. தும்பிக்கு அதுதான் முதல் வேட்டை. அவளுக்குத் தூக்கம் வருமா? உனக்கு வர்ற மாதிரி வராது.

அன்னைக்கு சாயங்காலம் அவ அம்பு செஞ்சுக்கிட்டு இருந்தா. மூங்கில் குச்சியைத் தணல்ல காட்டிக் காட்டி நிமித்துவா. முனையில இரும்பு. வால்ல மூணு பருந்து இறகு, பிசின் தடவி, நாரு சுத்திக் கட்டணும். அந்த மூணு இறகும் ஒரே பக்கத்து றெக்கையிலேர்ந்து எடுத்ததா இருக்கணும். இடது றெக்கை இறகு ஒரு பக்கமா வளையும், வலது றெக்கை இறகு இன்னொரு பக்கமா வளையும். ரெண்டையும் கலந்து கட்டினா என்ன ஆகும்? உங்க பெரியம்மாவும் சித்தியும் ஒரே அடுப்புல நின்ன மாதிரி ஆகும். ஒண்ணு இங்க இழுக்கும், ஒண்ணு அங்க இழுக்கும், அம்பு அல்லாடிக்கிட்டே போகும்.

ரெண்டு அம்பு நல்லா செஞ்சுட்டா. மூணாவதுக்கு வலது இறகு ரெண்டுதான் இருந்துச்சு. தேடிப் பாத்தா. இல்ல. அப்போ இருட்டிக்கிட்டு வேற வந்துச்சா, "ஒரே ஒரு இறகு, யாரு பாக்கப் போறா"ன்னு ஒரு இடது இறகை வெச்சுக் கட்டிட்டா. அழகாத்தான் இருந்துச்சு. அதான் மோசம்.

விடிஞ்சுது. தினைக் காட்டு ஓரமா எல்லாரும் மூச்சு விடாம உக்காந்திருக்காங்க. சர சர சர... தினை ஆடுது. கொர்ர், கொர்ர்... வந்துருச்சு! தும்பி இருக்குற பக்கமே வந்துருச்சு. அவ முதுகுல கைய விட்டு ஒரு அம்பை உருவினா, பாக்கல, பூட்டினா, இழுத்தா, விட்டா. டொய்ங்!

எந்த அம்பு வந்திருக்கும் சொல்லு?

"கோணல்..."

அதேதான். தள தள தளன்னு ஆடிக்கிட்டே போயி, நெஞ்சுல படவேண்டியது பின்னந்தொடையில போயி பொதக்குனு குத்திச்சு. வீஈஈல்னு கத்திக்கிட்டு, அம்போட ஓடுது பன்னி. பதறிப் போயி ரெண்டாவது அம்பை விட்டா. அது பாறையில பட்டு டப்புனு ஒடிஞ்சுது. பன்னி காட்டுக்குள்ள போயிருச்சு.

மூப்பன் வந்தாரு. "சட்டம் தெரியும்ல?"

"தெரியும் தாத்தா."

காரி மக முகத்தையே பாத்தாரு. "எத்தனை அம்பு இருக்கு?"ன்னு கேட்டாரு.

"ஒண்ணுப்பா."

"போதும். போ"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

அப்புறம் தும்பி ரத்தத் துளியைப் பாத்துப் பாத்து நடந்தா. இலையில ஒரு துளி, கல்லு மேல ஒரு துளி. நடந்தா நடந்தா, ஒரு ஆறு வந்துச்சு. சலசல சலசல. தண்ணியில ரத்தம் ஏது? அந்தக் கரையிலயும் ஒண்ணும் இல்ல. இவ உக்காந்து அழுதாளா? கொஞ்சம் அழுதா. அப்புறம் மூக்கைத் துடைச்சுக்கிட்டு யோசிச்சா. "காயம் பட்ட பன்னி என்ன பண்ணும்? எரியும்ல? சேத்துல புரளும்." ஆத்தோரமாவே போனா. கொஞ்சம் தள்ளி ஒரு சேத்துக் குழி, பக்கத்து மரத்துல உரசின சேறு. அதுலேர்ந்து திரும்பத் தடம் புடிச்சா. கெட்டிக்காரி! இருட்டினதும் ஒரு மரத்து மேல ஏறி ராத்திரியைக் கழிச்சா, விடிஞ்சதும் மறுபடி நடந்தா.

அப்போ அந்தப் பக்கத்து மலைக்காரங்க நாலஞ்சு பேரு வந்தாங்க. ஒரு பன்னியை அடிச்சு, கம்புல கட்டித் தூக்கிட்டு வர்றாங்க. இவளைப் பாத்தா வயிறு ஒட்டிப்போயி, கால்ல முள்ளு கிழிச்சு, பாக்கவே பாவமா இருக்கா. அதுல ஒருத்தன் பாவப்பட்டு, "ஏம்மா, இந்தா, எங்க பன்னியை எடுத்துக்க. உன் அம்பை இதுல குத்திக் கொண்டு போ. எந்தப் பன்னின்னு யாருக்குத் தெரியப் போகுது?"ன்னான்.

தும்பி அந்தப் பன்னியைப் பாத்தா. வீட்டை நெனச்சா. அம்மா வடிக்கிற சோத்து வாசனை மூக்குலயே வந்துச்சு. ஆசையா இருந்துச்சு அவளுக்கு, இல்லேன்னு சொல்லாத. அப்புறம் சொன்னா, "என் பன்னி எங்கேயோ நொண்டிக்கிட்டு இருக்கும் அண்ணே." சொல்லிட்டு நடையைக் கட்டிட்டா. தூங்கிட்டியா?

"இல்ல... ம்."

அப்புறம் தடம் மலையைச் சுத்தி வளைச்சு வந்து, ஒரு மூங்கில் புதர்ல முடிஞ்சுது. உள்ளேர்ந்து புஸ்... புஸ்னு மூச்சு. அந்தப் புதர் எங்க இருக்கு தெரியுமா? இவங்க ஊரு பொண்ணுங்க தண்ணிக்கு வர்ற ஊத்துக்குப் பக்கத்துலயே! எத்தனை சின்னப் புள்ளைங்க குடத்தோட வரும்? தும்பி அம்பைப் பூட்டினா.

பன்னி வெளிய வந்துச்சு. மூஞ்சியை நேரா காட்டிக்கிட்டு நின்னுச்சு. நேரா நிக்கிற பன்னியை அடிக்கக் கூடாது. மண்டை எலும்பு பாறை மாதிரி, அம்பு தெறிச்சுரும். பக்கவாட்டுல திரும்பணும், முன்னங்காலுக்குப் பின்னாடி அடிக்கணும். அதுவரைக்கும் கை நடுங்கக் கூடாது.

பன்னி பாஞ்சுது. தட தட தட தட! இவ விடல. பக்கத்துல வந்துருச்சு. விடல. சட்டுனு மரத்துக்குப் பின்னாடி ஒதுங்கினா பாரு, அது கடந்து போயி, நொண்டிக் காலை இழுத்துக்கிட்டுத் திரும்புச்சு. திரும்பும்போது விலாப் பக்கம் தெரிஞ்சுது. டொய்ங்!

இந்த அம்பு ஆடல. விர்ர்ர்னு நூல் புடிச்ச மாதிரி போச்சு. பன்னி ரெண்டு எட்டு வெச்சு, பொத்துனு சாஞ்சுது. தும்பி ஓடிப்போயி பக்கத்துல உக்காந்து அது நெத்தியில கைய வெச்சா. "நேத்தே முடிஞ்சிருக்கணும் உனக்கு. என்னால ஒரு நாள் வலியோட அலைஞ்சுட்ட. மன்னிச்சுக்க"ன்னா. அப்புறம்தான் கூஊஊஊன்னு ஊரைக் கூப்பிட்டா.

ஊரே திரண்டு வந்துச்சு. பன்னியைத் தூக்கிட்டுப் போயி மூப்பன் முன்னாடி போட்டாங்க. எல்லாரும் இவளைத் தூக்கி வெச்சுக் கொண்டாடுறாங்க. பொண்ணோட பெரியப்பா ஒருத்தரு, குடும்ப மானத்தைக் காப்பாத்துறாராம், "அன்னைக்குக் காத்து அடிச்சுது, அதான் முதல் அம்பு தப்பிருச்சு. இல்லேன்னா நம்ம புள்ளை தப்புவாளா?"ன்னாரு. எல்லாரும், ஆமா ஆமா, காத்துதான்னாங்க. முதல் அம்புல இறகெல்லாம் சேத்துல பிஞ்சு போயிருந்துச்சு. பாத்தா ஒண்ணும் தெரியாது. பேசாம இருந்திருந்தா முடிஞ்சு போயிருக்கும்.

தும்பி ரெண்டு அம்பையும் மூப்பன் கால்கிட்ட வெச்சா. "காத்து இல்ல தாத்தா. நான் இறகைக் கலந்து கட்டினேன். தெரிஞ்சேதான் கட்டினேன். இதுக்கு நாணை அவுக்கணும்னா அவுத்துக்கங்க."

பெரியப்பா தலையில கைய வெச்சுக்கிட்டாரு. காரி மட்டும் நிமிந்து நின்னாரு, விளங்காத தோளோட.

மூப்பன் அந்தப் பிஞ்ச அம்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "கொன்ன அம்பைக் கொண்டு வந்து காட்டினவன் இந்த ஊர்ல நிறைய. தப்பின அம்பைத் தேடிப்போயி எடுத்துட்டு வந்து, தப்பு என்னுதுன்னு சொன்னவளை நான் இன்னைக்குத்தான் பாக்குறேன். நாணு இருக்கட்டும்மா. அதைத் தொட எவனுக்குக் கை இருக்கு?"

அன்னைலேர்ந்து காரி சும்மா இருக்கல. சந்தைக்குப் போவாரு, பக்கத்து மலைக்குப் போவாரு, போற இடத்துல எல்லாம் நெஞ்சை நிமித்திக்கிட்டுப் பேசுவாரு. மத்த அப்பனுங்க, "எம் பொண்ணு அடிச்ச மான்", "எம் பையன் அடிச்ச கரடி"ன்னு பீத்திக்குவாங்க இல்ல? காரி அப்படிச் சொல்லவே மாட்டாரு. "அந்த ஒத்தைக் கொம்பன் இருந்துச்சே, அது எம் பொண்ணு விடாத பன்னி"ம்பாரு.

...தங்கம்? அடி, கேக்குறியா?

தூங்கிட்டா. சரி, கதை மலையேறிருச்சு, நீ தூக்கத்துல இறங்கு.