நாலு விரல் மடிப்பு

தங்கபாய் ஊரில் பெயர் சொல்லும் தையல்காரி. அவள் மகள் எமீமாவுக்குப் பிறந்ததிலிருந்தே மூச்சு இளைப்பு. மூன்று வயதில் ஒருநாள் பிள்ளைக்கு மூச்சே நின்றதுபோல் ஆனபோது, தங்கபாய் ஆலயத்துக்குள் ஓடினாள்.

"ஆண்டவரே, இது உம்முடைய பிள்ளை. பிழைக்க வையும். நீர் எங்கே அழைத்தாலும் அனுப்புகிறேன்."

பிள்ளை பிழைத்தது.

இப்போது எமீமாவுக்குப் பத்து வயது. மலைக்கு அந்தப் பக்கத்து மிஷன் பள்ளியில், விடுதியோடு இடம் கிடைத்தது. இவர்களாகக் கேட்டுப் போகவில்லை; தேடி வந்தது. அது யாருடைய அழைப்பு என்று தங்கபாய்க்குத் தெரியும். டாக்டரும், "மருந்து கையில் இருக்கட்டும், தாராளமாகப் போகலாம்" என்றுவிட்டார். எமீமா பெட்டியைக்கூட அடுக்கிவிட்டாள். தாய்க்குத்தான் மனசு எழும்பவில்லை.

புதுத்துணியை ஜெபித்துப் போடுவதுதான் அவர்கள் வழக்கம். மகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கவுன் தைத்து, மகளையும் கூட்டிக்கொண்டு உபதேசியார் மாசிலாமணியிடம் வந்தாள். சிறுவயதில் வேதபாடத்தில் தங்கபாய்க்கு வசனம் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

"உபதேசியாரே, அனுப்பத்தான் போறேன். ஆனா நம்பி அனுப்புறதுன்னா எப்படி? அதை மட்டும் சொல்லித் தாங்க."

அவர் உடனே ஜெபிக்கவில்லை. கவுனை வாங்கி உள்புறம் திருப்பினார். கீழ்மடிப்பைத் தடவிப் பார்த்தார்.

"என் மக ரூத்துக்குத் தச்சியே, எவ்வளவு துணி உள்ளே விட்டே?"

"நாலு விரல். வளர்ற பிள்ளையில்லா, அவிழ்த்துவிட்டுக்கலாம்."

"கோயில்பிள்ளை வீட்டுச் சின்னதுக்கு?"

"அதுக்கும் நாலு விரல்தான். ஊர்ல எந்தப் பிள்ளைக்கும் நான் விடாமத் தச்சதில்லையே!"

"இதுல?"

தங்கபாய் கவுனைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

எமீமா எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுமே விடலையே! அப்ப நான் வளர மாட்டேனாம்மா?"

"துணி பத்தலையோ?" என்று கேட்டார் உபதேசியார்.

"பத்திச்சு ஐயா. மிச்சத்துல ஒரு தலையணை உறை தச்சேன். இவ போன பிறகு நான் வச்சுக்க." மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "தூங்குற பிள்ளையோட மூச்சை எண்ணி எண்ணி வளர்த்தவ நான். இவளுக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணை நினைக்க என் கை துணியலை."

அவர் கவுனை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

"பிரிச்சுத் தச்சுட்டு வா. ஜெபிக்கலாம்."

அன்று சாயங்காலமே தங்கபாய் தலையணை உறையைப் பிரித்தாள். அந்தத் துணியைக் கவுனின் அடியில் இணைத்து, நாலு விரல் உள்ளே மடித்துத் தைத்தாள். ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது. அவள் நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை பஸ் கிளம்பும் முன் உபதேசியார் அந்தக் கவுன்மேல் கை வைத்து ஜெபித்தார். தங்கபாய் கையில் கவுன் கனத்துத் தொங்குவதைப் பார்த்து அடுத்த வீட்டு நேசம்மாள், "பிள்ளையைவிட மடிப்புல்லா கனமா இருக்கு!" என்று சிரித்தாள். தங்கபாயும் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. "அம்மா, ஒரு விரல் அவிழ்த்தாச்சு."

கிறிஸ்மஸுக்கு எமீமா வரவில்லை. பாடகர் குழுவில் பாடுவதற்கு நிறுத்திக்கொண்டார்களாம். தங்கபாய் அந்தக் கடிதத்தைத் தெருவில் நின்றே வாசித்தாள். "நேசம்மா, கேட்டியா! மூச்சு வாங்கின பிள்ளை பாட்டுப் பாடுதாம்!" கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது: "ரெண்டாவது விரலும்."

மே மாதம் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினாள். தங்கபாய் அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இங்கே!"

அதே கவுன். மடிப்பு என்று ஒன்றுமே இல்லை. நாலு விரலும் இறங்கிவிட்டது. அப்படியும் முழங்கால் தெரிந்தது.

தங்கபாய் வீட்டுக்குப் போகவில்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக உபதேசியார் வீட்டுக்கே ஓடினாள். இந்த முறை அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது.

"உபதேசியாரே, வெளியே வந்து பாருங்க! நாலு விரலும் அவிழ்த்தாச்சு, எட்டலை! ஸ்தோத்திரம் ஐயா, ஸ்தோத்திரம்! இனி எத்தனை விரல் விட்டுத் தைக்கட்டும்? அஞ்சா? ஆறா?"

உபதேசியார் எமீமாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு தாயின் பக்கம் திரும்பினார்.

"இன்னுமா விரலால அளக்கிறே, தங்கபாய்? ஜவுளிக்கடை மூடுறதுக்குள்ள ஓடு. முழத்துல கேளு."